சிஸ்டரிடம் கேளுங்கள்: மொசூலின் வலது கரை

போன இதழில் தீக்காயத்துக்கு உடனே என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, ‘2017இல் மொசூல் பக்கம் ஐந்து மாதம் இருந்தபோது கற்றுக்கொண்டது இது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். இந்த முறை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி என்று கேட்டவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழ் உங்களுக்கு. இந்த இதழ் மொசூலுக்கு. வீட்டில்கூட நானாக எடுத்துப் பேசாத விஷயம் இது. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: மொசூல் எங்கே இருக்கிறது? யாரிடமிருந்து யார் மீட்டார்கள்? அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், செய்தி சரியாக நினைவில்லை.

ஈராக்கின் வடக்கே இருக்கிற பெரிய நகரம், தம்பி. டைகரிஸ் ஆறு நடுவில் ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே இருப்பதை ‘அய்ஸர்’ என்பார்கள், இடது கரை. மேற்கே ‘அய்மன்’, வலது கரை. பழைய நகரம் வலது கரையில்தான். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்டால் மொசூல்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கு முன்பு கரையைச் சொல்வார்கள். போரில் அந்த ஒரு சொல்லே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

2014 ஜூன் 10ஆம் தேதி நகரம் ‘இஸ்லாமிய அரசு’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தீவிரவாத அமைப்பான ஐ.எஸ். கையில் விழுந்தது. காகிதக் கணக்கில் பல ஆயிரம் பேர் இருந்த ராணுவமும் போலீஸும் சில நாள் சண்டையிலேயே வண்டி, ஆயுதம் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விட்டன. ஜூலை 4 வெள்ளிக்கிழமை அல்-நூரி பெரிய பள்ளிவாசலின் மேடையில் ஏறி அதன் தலைவர் அபூபக்கர் அல்-பாக்தாதி பிரசங்கம் செய்தார். ஊர்க்காரர்கள் ஐ.எஸ். என்று சொல்ல மாட்டார்கள், ‘தாயிஷ்’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. 2016 அக்டோபர் 17 அன்று விடிவதற்கு முன்பே பிரதமர் ஹைதர் அல்-அபாதி தொலைக்காட்சியில் வந்து மீட்பு நடவடிக்கையை அறிவித்தார். ஈராக் ராணுவம், மத்திய போலீஸ், பயங்கரவாத எதிர்ப்புப் படை, குர்துகளின் பெஷ்மெர்கா படை, மக்கள் திரட்டுப் படை என்ற ஆயுதக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் பேர். மேலே அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். 2017 ஜனவரி 24இல் இடது கரை முழுவதும் மீண்டது. பிப்ரவரி 19இல் வலது கரைச் சண்டை தொடங்கியது. ஜூலை 10இல் வெற்றி என்று அறிவித்தார்கள்.

நான் மார்ச்சில் போனேன், ஜூலை கடைசியில் திரும்பினேன். ஒரு மருத்துவ உதவி அமைப்பின் கூடார ஆஸ்பத்திரி. மொசூலுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், வலது கரையிலேயே இருக்கும் ஹம்மாம் அல்-அலீல் என்ற சிறிய ஊர். ஊரை விட்டுத் தப்பி வருகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள்.

இல்லத்தரசி, தென்காசி: அவ்வளவு கொடுமை நடக்கிற ஊரில் மக்கள் ஏன் இருந்தார்கள்? முன்பே கிளம்பியிருக்கலாமே? ‘இருந்தவர்கள் எல்லாம் தீவிரவாதிகளுக்கு வேண்டப்பட்டவர்களாக இருப்பார்கள்’ என்று என் கணவர் சொல்கிறார்.

அம்மா, உங்கள் கணவர் சொல்வதைத்தான் அங்கேயும் பலர் சொன்னார்கள். ராணுவ வீரர்கள் சிலர் சொன்னார்கள், முகாமுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர்கூடச் சொன்னார். இந்த இதழில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முதல் காரணம், வீட்டிலேயே இருக்கச் சொன்னது அரசாங்கம். சண்டை தொடங்கும் முன் விமானத்திலிருந்து துண்டுச்சீட்டுப் போட்டார்கள். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று அதில் இருந்தது. பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பினால் தங்க வைக்க முகாம் இல்லை, சாலையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவில் சண்டை போடவும் முடியாது. இடது கரையில் அந்த யோசனை ஓரளவு பலித்தது. வலது கரையில் அதே யோசனை மக்களைப் பொறியில் மாட்டிவிட்டது. பிப்ரவரியில் அங்கே ஏழரை லட்சம் பேர் இருப்பதாக ஐ.நா. கணக்கு. ஐந்து பாலங்களும் அதற்கு முன்பே உடைந்துவிட்டன.

இரண்டாவது, கிளம்பியவர்களைத் தாயிஷ் சுட்டது. பின்வாங்கும்போது தெருத் தெருவாக ஜனங்களைத் தங்களோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். விமானம் குண்டு போடாமல் இருக்க இவர்கள் நடுவில் இருக்க வேண்டும். மே 26 முதல் ஜூன் 3 வரையிலான ஒன்பது நாளில் மட்டும் தப்பி ஓடிய 231 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. அதில் 163 பேர் ஜூன் 1ஆம் தேதி ஒரே நாளில். அன்று மாலை எங்களிடம் வந்த ஒருவர் தன் தோளில் இருந்த காயத்தைக் காட்டவே இல்லை. தெருவில் விட்டுவிட்டு வந்தவர்களின் பெயர்களை மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒன்பது பெயர். எழுதி முடித்த பிறகுதான் சட்டையைக் கழற்ற விட்டார்.

எப்படித் தப்பினார்கள் என்று ஒன்று சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு தகப்பனார் மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆனால் பிள்ளை எழுந்திருக்கவில்லை. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தேன், நெஞ்செலும்பை அழுத்தினேன், லேசாக முனகினான். அப்பா பாக்கெட்டிலிருந்து ஒரு சிறிய பாட்டிலை எடுத்து நீட்டினார். அலர்ஜிக்குக் கொடுக்கிற சிரப், பாதி காலி. ராத்திரி தெருவைக் கடக்கும்போது பிள்ளை அழுதுவிட்டால் இருபது பேரும் செத்தோம், அதனால் கொடுத்தேன் என்றார். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கையை விரித்து, இருட்டில் அளக்க முடியவில்லை என்றார். இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினோம். விடியற்காலம் கண் விழித்து ‘மை’ என்றான். அவர்கள் பேச்சில் தண்ணீர். இவர்களா தீவிரவாதிகளுக்கு வேண்டப்பட்டவர்கள்?

மூன்றாவது, எங்கே போவது? எங்கள் மொழிபெயர்ப்பாளர் இடது கரைப் பெண், மொசூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தவர். அவருடைய சித்தி குடும்பம் வலது கரையில், பழைய நகரத்தில். சித்தப்பாவுக்கு முதுகெலும்பில் பிரச்சினை, நடக்க முடியாது. அவரை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று சித்தி உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். போன் வைத்திருந்தால் மரண தண்டனை என்ற ஊரில், அரிசி டப்பாவில் ஒரு சிம் கார்டை ஒளித்து வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை மொட்டை மாடியில் ஏறி அரை நிமிடம் பேசுவார். மேக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர்: ஒரு லட்சம் பேர் ஒரு பக்கம், சில ஆயிரம் பேர் மறுபக்கம். ஒன்பது மாதம் ஏன் ஆனது?

ஐயா, போர்த் தந்திரம் உங்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. நான் பார்த்தது காயங்களை. அந்த மாதம் எந்த இடத்தில் எப்படிச் சண்டை நடந்தது என்பதைக் காயத்தை வைத்தே சொல்லலாம்.

மார்ச்சில் அதிகம் வந்தது கார் குண்டு. வண்டியைச் சுற்றி இரும்புத் தகடு வெல்டிங் செய்து, ஓட்டுகிறவன் பார்க்க மட்டும் ஒரு கீறல் விட்டிருப்பார்கள். சந்திலிருந்து திடீரென்று வரும், துப்பாக்கியால் சுட்டால் நிற்காது. அதில் மாட்டியவர்களுக்குத் தீக்காயமும் இருக்கும், இரும்புத் துண்டும் இருக்கும், வெளியே தெரியாமல் நுரையீரலும் அடிபட்டிருக்கும். பேசிக்கொண்டே இருப்பவர் அரைமணியில் நீலமாகிவிடுவார். அதே சமயத்தில் டிரோன் காயங்கள். கடையில் விற்கிற சின்ன டிரோனில் கையெறி குண்டைக் கட்டி மேலேயிருந்து போடுவார்கள். அந்தக் காயம் தலையிலும் தோளிலும் பிடரியிலும் இருக்கும்.

மே, ஜூனில் பழைய நகரம். ஒரு மாடு எதிரே வந்தால் ஒதுங்க இடம் இல்லாத சந்துகள், டாங்கி நுழையாது. வீரர்கள் ஒரு வீட்டுச் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குப் போனார்கள். கதவிலும் மாடிப்படியிலும் ஃபிரிட்ஜிலும் வெடி வைத்திருந்தார்கள். அப்போது வந்ததெல்லாம் கால் போனவர்களும், ‘கன்னாஸ்’ சுட்ட ஒற்றைக் குண்டுக் காயங்களும்தான். மறைந்திருந்து சுடுகிறவனை அங்கே கன்னாஸ் என்பார்கள். ஒரு கன்னாஸ் ஒரு தெருவையே இரண்டு நாள் நிறுத்தி வைத்த கதைகளைக் கட்டுப் போடும்போது கேட்டிருக்கிறேன். முன்னால் போன பயங்கரவாத எதிர்ப்புப் படை மொசூலில் நாற்பது சதவீத இழப்பைச் சந்தித்ததாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆவணமே சொல்கிறது. அந்தப் பையன்கள் பலரை நான் தொட்டுத் தூக்கியிருக்கிறேன். இருபது, இருபத்திரண்டு வயது. தெற்கே பாஸ்ராவிலிருந்தும் திவானியாவிலிருந்தும் வந்தவர்கள், அதற்கு முன் மொசூலைப் பார்த்திராதவர்கள்.

தாமதம் ஆனது என்று நான் குறை சொல்ல மாட்டேன், ஐயா. நடுவில் லட்சக்கணக்கில் ஜனங்கள் இருக்கும்போது மெதுவாகத்தான் போக வேண்டும். வேகப்படுத்திய மாதங்களில்தான் எங்கள் கூடாரம் நிரம்பியது.

நர்சிங் மாணவி, மதுரை: சிஸ்டர், அங்கே உங்கள் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? நாங்கள் படிக்கிற கேஷுவால்ட்டி பாடம் அங்கே உதவுமா?

உதவும் தங்கச்சி, அந்தப் பாடத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடாதே. சண்டை நடக்கும் இடத்துக்குப் பத்து நிமிட தூரத்தில் முதலுதவி இடம் இருக்கும். அங்கே ரத்தத்தை நிறுத்தி, மூச்சுக்கு வழி செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். வாசலிலேயே யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று பிரிப்போம். கத்துகிறவரிடம் முதலில் ஓடக் கூடாது, சத்தமில்லாமல் கிடக்கிறவரிடம் ஓட வேண்டும் என்று உங்கள் டியூட்டர் சொல்லியிருப்பார். அது முழு உண்மை.

பாடத்தில் இல்லாத ஒன்று சொல்கிறேன். கையோ காலோ ரத்தம் கொட்டினால், ரத்தத்தை நிறுத்தும் பட்டையான டூர்னிக்கே போட்டு இறுக்குவார்கள், போட்ட நேரத்தை மார்க்கரால் நெற்றியில் எழுதுவார்கள். இரண்டு மணி நேரம் தாண்டினால் அந்தக் காலுக்கே ஆபத்து, அதனால் அந்த எண் உயிர். முதல் வாரம் ஒரு மத்திய போலீஸ் பையன் வந்தான். நெற்றியைப் பார்க்கிறேன், இரண்டு கோடு, ஒரு வட்டம், அப்புறம் வியர்வையில் கலைந்த ஒரு தீற்றல். எனக்குப் புரியவில்லை. அரபியில் ஐந்து என்பது நம் சைபர் மாதிரி வட்டமாக இருக்கும், சைபர் என்பது வெறும் புள்ளி. அந்தப் புள்ளிதான் வியர்வையில் போயிருந்தது. பதினொன்று ஐம்பது என்று மொழிபெயர்ப்பாளர் ஓடி வந்து படித்தார். அப்போது மணி ஒன்று நாற்பது. பத்து நிமிடம்தான் இருந்தது. பையன் காலோடு போனான். அன்று ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அரபி எண்களை ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் முதலில் அந்த ஊர் எண்ணைக் கற்றுக்கொள்.

இன்னொன்று, குழந்தைகள். ஜூனில் ஆறு மாதக் குழந்தையைத் தராசில் வைத்தால் மூன்று கிலோ காட்டும். தாய்க்குச் சாப்பாடு இல்லை, பால் வற்றிவிட்டது. கோதுமையை அவித்துத் தின்றோம், அதற்குப் பிறகு புல்லையும் கீரையையும் பறித்து வேகவைத்தோம் என்றார்கள். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் பிஸ்கட்டை நுணுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு அம்மாவிடம் பால்பவுடர் டப்பாவைக் கொடுத்தேன். உள்ளே இருந்த கரண்டியை எடுத்து, ‘தலைதட்டியா, கூம்பாகவா?’ என்று கேட்டார். நாலு மாதமாக ஒரு பாட்டிலுக்கு அரைக் கரண்டி போட்டு ஓட்டியவர். ‘தலைதட்டி, நாலு கரண்டி’ என்றேன். நாலா, நாலா என்று மூன்று தடவை கேட்டார்.

ஆசிரியர், ராமநாதபுரம்: தீவிரவாதிகளை ஒழிக்கும்போது பொதுமக்கள் சிலர் சாவது தவிர்க்க முடியாதது என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

‘சிலர்’ என்ற சொல்லை நான் ஏற்கவில்லை, சார். மொசூல் சண்டையில் இறந்த பொதுமக்கள் 9,000 முதல் 11,000 வரை என்று ஏ.பி. செய்தி நிறுவனம் பிணவறைப் பதிவுகளையும் மற்ற கணக்குகளையும் சேர்த்து 2017 டிசம்பரில் எழுதியது. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூட்டணி, ஈராக் படைகளின் குண்டுகளால்.

மார்ச் 17. வலது கரையில் அல்-ஜதீதா என்ற பகுதி. ஒரு வீட்டு மாடியில் இரண்டு கன்னாஸ். அவர்கள் மேல் அமெரிக்க விமானம் சுமார் 225 கிலோ எடையுள்ள ஒரு குண்டைப் போட்டது. கீழே அடுக்கடுக்காக ஜனங்கள் ஒளிந்திருந்தார்கள். குறைந்தது 105 பேர் இறந்தார்கள் என்று அமெரிக்க ராணுவமே விசாரித்து ஒத்துக்கொண்டது. வீட்டுக்குள் தாயிஷ் வைத்திருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்ததால்தான் கட்டடம் இடிந்தது என்பது அவர்கள் விளக்கம். அப்படி எதுவும் அங்கே இல்லை என்று தெருக்காரர்கள் சொன்னார்கள். எது சரியானாலும், இரண்டு பேருக்காக அந்த எடையில் ஒரு குண்டு, அதுவும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருந்த ஊரில். 2016 டிசம்பரிலேயே குண்டு போட அனுமதிக்கும் அதிகாரத்தைக் களத்தில் இருந்த அதிகாரிகளுக்கும் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு தடவை கேட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் போகவில்லை.

தாயிஷை விரட்டியே ஆக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே இருந்து வந்த பெண்களின் முதுகைப் பார்த்தவள் நான். விரட்டுகிற வேலையில் இருந்தவர்கள் ஜனங்களை எண்ணியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

வாசகர், சேலம்: தீவிரவாதிகளுக்கும் சிகிச்சை கொடுத்தீர்களா?

வாசலுக்கு வெளியே துப்பாக்கியை வைத்துவிட்டு வருகிற எல்லோருக்கும் கொடுத்தோம். யார் என்று கேட்பது ராணுவத்தின் வேலை. அதற்குச் சோதனைச்சாவடி இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது. எங்கள் வார்டில் உள்ளூர் நர்ஸ் ஒருவர், நல்ல கைக்காரர். அவருடைய அண்ணனைத் தாயிஷ் கொன்றுவிட்டது. ஒரு நாள் ஒரு நோயாளிக்கு வயிற்றுக் காயத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த ஆள் யார் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. கை நடுங்காமல் முழு டிரெஸ்ஸிங்கையும் முடித்து, தேதி எழுதி ஒட்டினார். பிறகு வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். அன்றைய மீதி டியூட்டியை நான் பார்த்தேன்.

வாசகி, தூத்துக்குடி: 2014இல் நம் நர்ஸ்களைப் பிடித்து வைத்திருந்தார்களே, அவர்கள் இந்த மொசூலில்தானா?

ஆமாம் அம்மா. ஈராக்கின் திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த 46 இந்திய நர்ஸ்களை அந்த ஜூலையில் மொசூலுக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய எல்லோரும் கேரளப் பெண்கள், ஒருவர் உங்கள் தூத்துக்குடிப் பெண். ஜூலை 5ஆம் தேதி பத்திரமாகக் கொச்சியில் வந்து இறங்கினார்கள். நான் மொசூல் போகிறேன் என்றபோது என் அம்மா அந்தச் செய்தியைத்தான் சொல்லி அழுதார்.

திரும்பி வராதவர்களும் உண்டு. மொசூலில் கட்டட வேலை பார்த்த 39 இந்தியர்கள், பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். 2014 ஜூனில் பிடித்துக்கொண்டு போனார்கள். நான்கு வருடம் வீட்டில் காத்திருந்தார்கள். நகரம் மீண்ட பிறகு வடமேற்கே பாதூஷ் என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டி, டி.என்.ஏ. சோதனை செய்து, அவர்கள் இறந்துவிட்டதை 2018 மார்ச் 20இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் மாநிலங்களவையில் அறிவித்தார். மேட்டில் முதலில் அடையாளம் சொன்னது நீளமான தலைமுடியும் கையில் போட்டிருந்த கடாவும், சீக்கியர்கள் அணியும் வளையம் அது. நான் இருந்த ஐந்து மாதமும் அவர்கள் அந்தப் பக்கத்திலேயே மண்ணுக்குள் இருந்திருக்கிறார்கள். பிழைப்புக்குப் போனவர்கள். கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் மாதிரியே.

ஏழாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்: சிஸ்டர், அங்கே சாய்ந்த கோபுரம் இருந்ததாமே? அதை யார் இடித்தார்கள்?

இருந்தது கண்ணு, இப்போது மறுபடியும் இருக்கிறது. அல்-நூரி பள்ளிவாசலின் மினாரா. கட்டி எண்ணூறு வருடத்துக்கு மேல். சாய்ந்திருந்ததால் ‘ஹத்பா’, கூனி என்று செல்லப் பெயர். நபிகளுக்குத் தலைவணங்கிச் சாய்ந்தது என்று முஸ்லிம்கள் சொல்வார்கள். மேரி மாதாவுக்கு வணங்கியது என்று அங்கே இருக்கும் கிறிஸ்தவர்கள் சொல்வார்கள். ஈராக்கின் 10,000 தினார் நோட்டில் அந்தப் படம் இருக்கும். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.

2017 ஜூன் 21 இரவு, ராணுவம் பக்கத்துத் தெருவுக்கு வந்தபோது, தாயிஷே வெடி வைத்து இடித்துவிட்டது. மறுநாள் காலை எங்கள் வார்டில் ஒரு தாத்தா, இரண்டு காலிலும் கட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசவில்லை. வலிக்கு ஊசி போடவா என்று கேட்டேன். நோட்டைக் காட்டி, இதில் மட்டும்தான் இனி இருக்கும் என்றார். அது தவறாகிப்போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யுனெஸ்கோ 2018இல் வேலையைக் கையில் எடுத்தது, ஐக்கிய அரபு அமீரகம் பணம் கொடுத்தது. இடிபாட்டிலிருந்து பழைய செங்கற்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஊர் மக்கள் விரும்பியபடி நேராகக் கட்டாமல் பழையபடி சாய்த்தே கட்டினார்கள். 2025 செப்டம்பர் 1இல் திறந்தார்கள்.

வாசகர், கோவை: வெற்றி அறிவித்த நாளில் நீங்கள் அங்கே இருந்தீர்களா? கொண்டாட்டம் எப்படி இருந்தது?

இருந்தேன். வானத்தை நோக்கிச் சுட்டார்கள், கார்களில் கொடி கட்டிக்கொண்டு போனார்கள், எங்கள் வாசல் காவலர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய பத்து நாளாகவே எங்களுக்குள் ஒரு பயம். பழைய நகரத்தில் கடும் சண்டை, விமானச் சத்தம் நிற்கவில்லை, ஆனால் ஆம்புலன்ஸ் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் நாற்பது படுக்கையில் ஆறு பேர். உள்ளே காயம்பட்டவர்கள் வெளியே வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுத்தமாக மடித்து வைத்த போர்வைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் 28 வருட சர்வீஸில் நோயாளி இல்லாமல் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

அதற்கப்புறம் வந்த நாள்கள் நீளமானவை. 80 லட்சம் டன் இடிபாடு என்றது ஐ.நா. அதற்குள்ளே வெடிக்காத குண்டுகள், அதற்குள்ளே ஆள்கள். தாயிஷ் காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு அவர்கள் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் செல்லாது. சான்றிதழ் இல்லையென்றால் பள்ளிக்கூடம் இல்லை, தடுப்பூசிக்குக்கூட அலைய வேண்டும். அண்ணன் தாயிஷில் சேர்ந்தான் என்று தம்பியின் குடும்பத்தைத் தெருவுக்குள் விடாத ஊர்களும் உண்டு. எங்கள் முகாமில் ஒரு பாட்டி, மகன் செய்ததற்காக, நான்கு பேரப் பிள்ளைகளோடு எங்கேயும் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எந்த வெற்றிச் செய்தியிலும் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நல்லதும் நடந்தது. தாயிஷ் காலத்தில் எரிந்துபோன பல்கலைக்கழக நூலகம் 2022 பிப்ரவரியில் திறந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்தப் படத்தைத்தான் எனக்கு முதலில் அனுப்பினார்.

வாசகி, சிவகாசி: அங்கே சாப்பாடு என்ன? நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா?

நம் ஊர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும், அம்மா? ரொட்டி, பருப்பு சூப், தக்காளி, சின்னக் கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத தேநீர். உங்கள் ஊர் ஞாபகம் எனக்கு அடிக்கடி வரும். ஹம்மாம் அல்-அலீலில் கந்தக ஊற்று உண்டு, குளித்தால் தோல் வியாதி போகும் என்பார்கள். காற்றடித்தால் கூடாரம் முழுக்கப் பட்டாசு ஆபீஸ் வாசனை. தப்பி வந்தவர்களில் பலர் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் நேரே அந்த ஊற்றுக்குப் போய் மாதக்கணக்கான அழுக்கைக் கழுவினார்கள். ஆண்கள் மழித்துப் போட்ட தாடி கரையெல்லாம் கிடக்கும்.

ஒரு சாப்பாட்டை மட்டும் மறக்க முடியாது. நம் மொழிபெயர்ப்பாளரின் சித்தி பற்றி மேலே சொன்னேன் அல்லவா? ஜூன் கடைசியில் தனியாக வந்து சேர்ந்தார். சித்தப்பா வரவில்லை. சித்தி அவரைக் கம்பளத்தில் சுற்றி முற்றத்திலேயே புதைத்துவிட்டு, அந்த இடத்தைக் காட்ட ஒரு செம்புப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். கைக்காயத்துக்கு நான்தான் கட்டுப் போட்டேன். இடது கரையில் அதற்குள் கடைத்தெருக்கள் திறந்திருந்தன, இறைச்சி கிடைத்தது. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், அக்கா வீட்டு அடுப்பில் மொசூல் குப்பா செய்து கொடுத்தனுப்பினார். உடைத்த கோதுமையை மாவாகப் பிசைந்து, நடுவில் இறைச்சியும் வெங்காயமும் வைத்து, தட்டு அளவுக்கு வட்டமாகத் தட்டி, உடையாமல் கொதிநீரில் வேகவைப்பது. கட்டுப் போட்ட கையோடு தட்டியதால் ஒரு பக்கம் தடிமனாக இருந்தது. ஆறு வட்டம். டியூட்டியில் இருந்த பதினொரு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ‘உப்பு சரியாக இருந்ததா என்று சித்தி கேட்கச் சொன்னார்’ என்று மறுநாள் காலை மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றார்.